நடுவர் இருவர், பதிப்பாசிரியர் ஒருவர்

சூரியனின் புற வளிமண்டலமான கொரோனா பத்து லட்சம் டிகிரிக்கும் மேலான சூட்டில் இருக்கிறது. அவ்வளவு சூடான வாயு சூரியனை ஒட்டியே சும்மா கிடக்க முடியாது, நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் நாலா பக்கமும் வெளியே பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று 1958-இல் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். யூஜின் பார்க்கர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை, முப்பதையொட்டிய வயது. சூரியனுக்கும் கிரகங்களுக்கும் இடையே அப்படி ஒரு காற்று இடைவிடாமல் வீசுகிறது என்பதைத் துறையின் பெரியவர்கள் பலரும் ஏற்கத் தயாராக இல்லாத காலம் அது.

கட்டுரை 'அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' என்ற ஆய்விதழுக்குப் போனது. இதழ் அதைத் துறை அறிந்த ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. எழுதுவதற்கு முன்னால் இவர் நூலகத்துக்குப் போய் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு வரட்டும் என்கிற தோரணையில் பதில் வந்தது. இரண்டாமவரும் வேண்டாம் என்றே எழுதினார். பெரும்பாலான கட்டுரைகளின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும்.

அந்த இதழின் பதிப்பாசிரியர் சுப்ரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்து சென்னையில் வளர்ந்து மாநிலக் கல்லூரியில் படித்தவர், சி.வி. ராமனின் அண்ணன் மகன். 1952 முதல் 1971 வரை இதழை நடத்தியவர் அவர்தான். பார்க்கரின் கருத்து அவருக்கும் பிடிக்கவில்லை. பார்க்கரின் அறைக்கே வந்து, பெயர் பெற்ற இரண்டு பேர் இது தவறு என்கிறார்களே, நிஜமாகவே இதை வெளியிடத்தான் வேண்டுமா என்று கேட்டார். தவறு என்கிறார்கள் சரி, எந்த இடத்தில் தவறு என்று இருவரில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்றார் பார்க்கர். சந்திரசேகர் யோசித்தார். கணக்கில் அவராலும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு நடுவர்களின் சொல்லையும் ஒதுக்கிவைத்துவிட்டு 1958 நவம்பர் இதழில் கட்டுரையை அச்சேற்றினார்.

நான்கே ஆண்டுகள். 1962-இல் வெள்ளிக் கிரகத்தை நோக்கிக் கிளம்பிய மரைனர் 2 விண்கலம் வழிநெடுக அந்தக் காற்றை அளந்துகொண்டே போனது. இன்று சூரியக் காற்று பாடப்புத்தகச் செய்தி. 2018 ஆகஸ்ட் 12 அன்று பார்க்கரின் பெயரைத் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் புறப்பட்டபோது, 91 வயதில் அவரே நேரில் இருந்து பார்த்தார். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை நாசா தன் விண்கலத்துக்கு வைத்தது அதுவே முதல் முறை.

சந்திரசேகருக்கு இதில் தனிப்பட்ட அனுபவமும் உண்டு. 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் சங்கத்தில், வெள்ளைக் குள்ள விண்மீன்களின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று 24 வயதில் அவர் சொன்னபோது, அதே மேடையில் ஆர்தர் எடிங்டன் அதைக் கேலி செய்து உட்காரவைத்தார். எடிங்டனும் கணக்கில் பிழை காட்டவில்லை. அந்த ஆய்வுக்கு நோபல் பரிசு வர 1983 வரை ஆயிற்று.

ஆய்விதழ்களின் மதிப்பாய்வு பற்றிப் பேசும்போது நடுவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நடுவர் சொல்வது ஆலோசனை மட்டுமே, முடிவு பதிப்பாசிரியருடையது. இந்த முறையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு நாற்காலியைச் சுற்றித்தான் இருக்கின்றன.

ஒரு கட்டுரை இன்று போகும் வழி இதுதான். ஆய்வாளர் இதழின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, கட்டுரை, படங்கள், அட்டவணைகள், பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதம் என எல்லாவற்றையும் ஏற்றுகிறார். வேறு எங்கிருந்தாவது வரிகளைத் தூக்கியிருக்கிறாரா என்று மென்பொருள் சோதிக்கிறது. பதிப்பாசிரியர் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறார். இதழுக்குப் பொருந்தாது, புதிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றினால் நடுவர்வரை போகாமலே திரும்பிவிடும். ஆய்வுக்கூடப் பேச்சில் இது 'டெஸ்க் ரிஜெக்ட்'. 'நேச்சர்' மாதிரியான இதழ்களில் வருகிறவற்றில் பெரும்பகுதி இந்த வாசலைத் தாண்டுவதில்லை. ஒரு விதத்தில் இது நல்லது. இரண்டு நாளில் திரும்பி வந்தால் வேறு இதழுக்கு அனுப்பலாம். ஏழு மாதம் கழித்துத் திரும்பி வருவதுதான் கொடுமை.

வாசலைத் தாண்டியவற்றுக்கு நடுவர் தேட வேண்டும். இன்று பதிப்பாசிரியர்களின் பெரிய தலைவலி அதுவே. கட்டுரையில் மேற்கோள் காட்டப்பட்டவர்கள், அதே விஷயத்தில் அண்மையில் எழுதியவர்கள், கட்டுரையாளரே பரிந்துரைத்த பெயர்கள் என்று பட்டியல் போட்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள். பலர் நேரமில்லை என்பார்கள், சிலர் பதிலே போட மாட்டார்கள். சம்மதிப்பவருக்குச் சம்பளம் கிடையாது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இந்த இலவச வேலைக்குச் செலவிட்ட நேரம் 10 கோடி மணிக்கும் மேல் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த உழைப்பை வாங்கிக்கொள்ளும் பெரிய பதிப்பகங்கள், அதே ஆய்வாளர்களின் பல்கலைக்கழகங்களிடம் சந்தாவும் வசூலிக்கின்றன. இதைவிட லாபமான வியாபாரத்தை யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம்.

நடுவருக்கு வரும் படிவத்தில் வழக்கமாக நான்கு தேர்வுகள் இருக்கும்: அப்படியே ஏற்கலாம், சிறு திருத்தம், பெரும் திருத்தம், நிராகரிக்கலாம். முதலாவதைப் பார்த்த ஆய்வாளர்கள் அபூர்வம். அதன் கீழே இரண்டு பெட்டிகள். ஒன்றில் எழுதுவது கட்டுரையாளருக்குப் போகும். மற்றதில் எழுதுவது பதிப்பாசிரியரின் கண்ணுக்கு மட்டும். முதல் பெட்டியில் "சுவாரசியமான ஆய்வு, சில ஐயங்கள்" என்று மரியாதையாக எழுதிவிட்டு, இரண்டாவதில் "இது தேறாது" என்று போட்டுவிடுகிற நடுவர்களும் உண்டு. கட்டுரையாளர் புன்னகையைப் படித்துவிட்டு நிராகரிப்பைப் பெற்றுத் திகைத்து நிற்பார்.

அறிவியல் இதழ்கள் பலவற்றில் எழுதியவர் யார் என்று நடுவருக்குத் தெரியும். நடுவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. சமூகவியல் போன்ற துறைகளில் இருபுறமும் பெயரை மறைப்பது வழக்கம். சின்னத் துறைகளில் இந்தத் திரை மெல்லியது. தம்முடைய ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்கிற நடுவர் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. எரிச்சலூட்டும் அறிக்கைகளை எல்லாம் எழுதுபவர் 'ரிவியூவர் டூ' என்று உலகம் முழுக்க ஆய்வு மாணவர்கள் வைத்திருக்கும் கேலியும் இங்கிருந்து பிறந்ததே.

இந்த ஏற்பாடு அறிவியல் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது என்று நினைப்பவர்கள் உண்டு. லண்டன் ராயல் சொசைட்டியின் 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' 1665-இல் தொடங்கியபோது எதை அச்சிடுவது என்பதை அதன் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் பார்த்துக்கொண்டார். எழுத்தில் நடுவர் அறிக்கை வாங்கும் வழக்கம் அங்கே 1830-களில்தான் வந்தது. மற்ற இதழ்கள் அவரவர் வசதிப்படி இருந்தன. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரை 1953-இல் 'நேச்சர்' இதழில் வந்தபோது எந்த வெளி நடுவரும் அதைப் பார்க்கவில்லை. அந்த இதழ் மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது 1973-இல்.

ஐன்ஸ்டைனுக்கே இது பழக்கமில்லை. 1936-இல் அவரும் நாதன் ரோசனும் அமெரிக்காவின் 'ஃபிசிகல் ரிவியூ' இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ஈர்ப்பலைகள் என்று எதுவும் இருக்க முடியாது என்பது அதன் முடிவு. பதிப்பாசிரியர் ஜான் டேட் அதை ஒரு நடுவருக்கு அனுப்பி, வந்த பத்துப் பக்க விமர்சனத்தை ஐன்ஸ்டைனுக்குத் திருப்பிவிட்டார். ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்தது. அச்சிடத்தான் அனுப்பினோம், அச்சாகும் முன் அதை நிபுணர்களிடம் காட்ட உங்களுக்கு அனுமதி தரவில்லையே என்று பதில் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜெர்மன் இதழ்களில் பழகியவருக்கு இது அவமதிப்பாகவே பட்டிருக்கும். அதன் பிறகு அந்த இதழுக்கு அவர் ஆய்வுக் கட்டுரை எதுவும் அனுப்பவில்லை.

நடுவர் சொன்னது சரி. சமன்பாடுகளில் ஐன்ஸ்டைன் கண்ட கோளாறு அவர் தேர்ந்துகொண்ட ஆயத்தொலைவுகளால் வந்தது, அலைகளால் வந்ததல்ல. உருளை வடிவ அலைகளாக எடுத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும். அந்த நடுவர் பிரின்ஸ்டனில் இருந்த ஹோவர்ட் பெர்சி ராபர்ட்சன். இவர் அதே ஊரில் ஐன்ஸ்டைனின் உதவியாளரான லியோபோல்ட் இன்ஃபெல்டுடன் பழகி, பேச்சோடு பேச்சாக அந்தக் கணக்கை அவருக்கு விளக்கிவிட்டார். நடுவர் நான்தான் என்று காட்டிக்கொள்ளவில்லை. விஷயம் ஐன்ஸ்டைனிடம் போனது. 1937-இல் வேறோர் இதழில் அந்தக் கட்டுரை வெளியானபோது தலைப்பும் மாறியிருந்தது, முடிவும் தலைகீழாக மாறியிருந்தது. ராபர்ட்சன்தான் அந்த நடுவர் என்பது இதழின் பழைய பதிவேட்டைப் பார்த்து 2005-இல்தான் வெளியுலகுக்கு உறுதியானது. ஈர்ப்பலைகள் 2015 செப்டம்பரில் கருவியில் சிக்கின. அந்த அறிவிப்பு 2016-இல் அதே 'ஃபிசிகல் ரிவியூ' குடும்பத்து இதழில் முறையான மதிப்பாய்வு முடிந்தே வெளிவந்தது.

மதிப்பாய்வு தன் உச்சத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கணிதத்துக்குப் போக வேண்டும். 1993 ஜூனில் ஆண்ட்ரூ வைல்ஸ் கேம்பிரிட்ஜில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். 350 ஆண்டுக் கால வினா. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. சுமார் 200 பக்கக் கையெழுத்துப் படியைப் பதிப்பாசிரியர் பாரி மேசர் ஆறு நடுவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஓர் அத்தியாயம் நிக் காட்ஸ் வசம் வந்தது. அவர் அந்தக் கோடையில் வேறு வேலை பார்க்கவில்லை. வரி வரியாகப் படித்தார். புரியாத இடத்தில் எல்லாம் வைல்ஸுக்கு மின்னஞ்சல் போட்டார். பெரும்பாலான கேள்விகளுக்கு உடனே பதில் வந்தது. ஒரு கேள்விக்கு வந்த பதில் திருப்தியாக இல்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் இடித்தது. சின்ன ஐயமாகத் தோன்றிய அந்த இடத்தில் நிரூபணமே விரிசல் விட்டிருந்தது. வைல்ஸுக்கு ஓராண்டுக்கு மேல் தூக்கம் போயிற்று. 1994 செப்டம்பரில் தம் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லருடன் சேர்ந்து மாற்று வழி கண்டார். 1995-இல் நிரூபணம் வெளியானது. ஒரே ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து படிக்காமல் இருந்திருந்தால் ஓட்டை நிரூபணம் ஒன்று அச்சில் ஏறியிருக்கும்.

ஆனால் எல்லா நடுவருக்கும் ஒரு கோடைக்காலம் முழுக்கச் சும்மா கிடைக்காது. மருத்துவத்திலும் உயிரியலிலும் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனென்றால் அங்கே நடுவர் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. சோதனைக் குழாயையோ நோயாளியையோ அவர் காண்பதில்லை. தரப்பட்ட எண்கள் உண்மை என்று வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து இந்த முடிவு வருமா என்று மட்டும் பார்க்கிறார். பொய்யைப் பிடிக்க அமைந்த ஏற்பாடு அல்ல இது.

பிழையையாவது பிடிக்கிறதா? பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல் தன் நடுவர்களையே சோதித்துப் பார்த்தது. ஏற்கெனவே வெளியிடத் தேர்வான ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைச் செருகி 400-க்கும் மேற்பட்ட நடுவர்களுக்கு அனுப்பினார்கள். 221 பேர் அறிக்கை தந்தார்கள். சராசரியாக ஒருவர் கண்டுபிடித்தவை இரண்டு. ஒன்றைக்கூடக் காணாதவர்கள் 16 சதவீதம். 1998-இல் வெளியான இந்த முடிவு இதழாளர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது, நியாயந்தான்.

அதற்கும் முன்பே, 1982-இல், டக்ளஸ் பீட்டர்ஸ், ஸ்டீபன் சேசி என்ற இரு உளவியலாளர்கள் வேறு குறும்பு செய்தார்கள். பெயர் பெற்ற துறைகளிலிருந்து எழுதப்பட்டு, நல்ல இதழ்களில் ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்தார்கள். எழுதியவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் யாரும் கேள்விப்படாத கற்பனைப் பெயர்களாக மாற்றி, அதே இதழ்களுக்கே அனுப்பினார்கள். மூன்றுதான் பிடிபட்டன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. பழைய சரக்கு என்பதற்காக அல்ல. ஆய்வு முறையில் கடுமையான குறைகள் இருக்கின்றன என்பதற்காக! முகவரியைப் பார்த்தே எடை போடப்படுகிறது என்று சிறிய ஊர்க் கல்லூரி ஆய்வாளர்கள் புலம்புவது வெறும் புலம்பல் இல்லை.

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. 2014-இல் ஒரு பெரிய செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு வந்த கட்டுரைகளில் 166-ஐ இரண்டு தனித்தனிக் குழுக்களிடம், ஒன்றுக்கொன்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் கால்வாசிக் கட்டுரைகளில் ஒரு குழு சரி என்றது, மற்றது வேண்டாம் என்றது. ஒரு குழு தேர்ந்தெடுத்தவற்றில் பாதிக்கும் மேல் இன்னொரு குழுவில் தேறவில்லை.

இங்கேதான் சந்திரசேகரின் நாற்காலி முக்கியமாகிறது. நடுவர் அறிக்கைகளை வாக்குச் சீட்டாக எண்ணுகிற பதிப்பாசிரியருக்கு இரண்டு 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். அறிக்கையைப் படிக்கிறவர், இவர் காட்டிய தவறு என்ன, அது நிஜமாகவே தவறா என்று கேட்பார். முதல் வகையினர் பெருகிவிட்டார்கள். குறை அவர்கள்மீது மட்டும் இல்லை; இதழ்களின் எண்ணிக்கையும் கட்டுரைகளின் வெள்ளமும் அப்படி.

நாற்காலி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதை. 2013-இல் 'சயன்ஸ்' இதழுக்காக ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேதியியல் தெரிந்த எவரும் முதல் பார்வையிலேயே தூக்கி எறியக்கூடிய ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்தார். லைக்கன் ஒன்றிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய்ச் செல்லைத் தடுக்கிறது என்பது விஷயம். அதை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன, 98 மட்டுமே நிராகரித்தன. நமக்கு வலிக்க வேண்டிய எண் இன்னொன்று: அந்த 304-இல் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து நடப்பவை. அந்த இந்திய இதழ்களில் 64 ஏற்றன, 15 நிராகரித்தன.

காசு கொடுத்தால் மூன்று நாளில் 'மதிப்பாய்வு' முடித்து அச்சிடும் இந்தச் சந்தை தானாக முளைக்கவில்லை. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வேண்டும், பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், கல்லூரியின் தரவரிசைக்கும் கட்டுரை வேண்டும். "பேப்பர் போட்டாச்சா?" என்று கேட்கிற வழிகாட்டிகள், என்ன எழுதினாய் என்று கேட்பது குறைவு. முனைவர் பட்ட மாணவர் கட்டாயம் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நீக்கியது. பழக்கம் விதியோடு போய்விடவில்லை.

பெரிய இதழ்களும் தப்பவில்லை. கொரோனா காலத்தில், 2020 மே 22 அன்று, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கோவிட் நோயாளிகளுக்கு ஆபத்தானது என்று 'லான்செட்' ஒரு கட்டுரை வெளியிட்டது. உலக நாடுகளின் மருத்துவமனைகளில் இருந்து திரட்டியதாகச் சொல்லப்பட்ட சுமார் 96,000 நோயாளிகளின் தரவு. உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்த வெளியாட்கள் கேள்வி எழுப்ப, மூலத் தரவைக் காட்ட அதை வழங்கிய நிறுவனம் மறுத்துவிட்டது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நடுவர்கள் செய்யாததை இரண்டே வாரத்தில் வாசகர்கள் செய்தார்கள்.

புதிய தொல்லையும் வந்துவிட்டது. சில நடுவர்கள் கட்டுரையைத் தாமே படிக்காமல் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து அறிக்கை வாங்குகிறார்கள். கட்டுரையாளர்களும் சளைத்தவர்கள் அல்லர். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, மனிதக் கண்ணுக்குத் தெரியாதபடி, 'நல்லவிதமாக மட்டும் மதிப்பிடு' என்று இயந்திரத்துக்குக் கட்டளை ஒளித்துவைத்த 17 கட்டுரைகளை 2025-இல் ஜப்பானின் நிக்கேய் நாளிதழ் கண்டுபிடித்தது.

திரையை விலக்குவதே மருந்து என்று நம்புகிறவர்கள் மெல்ல வெல்கிறார்கள். கட்டுரையோடு நடுவர் அறிக்கைகளையும் அவற்றுக்குக் கட்டுரையாளர் தந்த பதில்களையும் வெளியிடும் வழக்கத்தைச் சில இதழ்கள் பல ஆண்டுகளாகவே வைத்திருக்கின்றன. 2025 ஜூன் முதல் தனக்குப் புதிதாக வரும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகும்போது அவை எல்லாவற்றுக்கும் இதைச் செய்வதாக 'நேச்சர்' அறிவித்திருக்கிறது. நடுவரின் பெயர், அவர் விரும்பினால் ஒழிய, வெளிவராது.

அடுத்த முறை "வெளிநாட்டு ஆய்விதழில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரியோடு ஒரு மருந்தோ மூலிகையோ உங்கள் கைபேசிக்கு வரும்போது, இதழின் பெயரைக் கேளுங்கள். நடுவர் பார்க்கும் முன்பே இணையத்தில் ஏற்றப்பட்ட முன்வரைவா, பார்த்த பிறகு வெளியானதா என்று கேளுங்கள். அந்தக் கட்டுரை பிற்பாடு திரும்பப் பெறப்பட்டதா என்று தேடுங்கள். நடுவர் அறிக்கைகளும் கூடவே கிடைத்தால் கட்டுரைக்கு முன்னால் அவற்றைப் படியுங்கள்.